யார் குடிமகன்?
பண்டைய கிரேக்க நகர அரசுகளின் ஆட்சியும் கல்வியும் அன்றாட வாழ்வும்

அரபு நூல்கள் கிரேக்கத்தை ‘யூனான்’ என்று குறிப்பிடும். நம் பழந்தமிழ் இலக்கியங்கள் மேற்கிலிருந்து கடல் வழி வந்தோரை ‘யவனர்’ என்றன. இவ்விரு சொற்களுக்கும் வேர் ஒன்றே. சின்ன ஆசியாவின் மேற்குக் கரையில் கிரேக்கர் குடியேறியிருந்த அயோனியா என்ற பகுதியின் பெயரே கிழக்கு நோக்கிப் பயணம் செய்து இவ்வடிவங்களைப் பெற்றது. ஆனால் யூனான் என்றதும் ஒரு பேரரசையோ ஒரு தலைநகரையோ மனத்தில் கொள்ளலாகாது. கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளில் கருங்கடல் கரை முதல் ஸ்பெயின் கரை வரை ஏறத்தாழ ஆயிரம் சிறு நகர அரசுகள் சிதறிக் கிடந்தன. அவை ஒவ்வொன்றும் தனக்கெனச் சட்டமும் படையும் நாட்காட்டியும் திருவிழாவும் கொண்டிருந்தன. கிரேக்க மொழியில் இவ்வமைப்பின் பெயர் ‘போலிஸ்’. அரபு மொழிபெயர்ப்பாளர்கள் அதனை ‘மதீனா’ என்று பெயர்த்தனர்.

பெயர்ப்பு பொருத்தமானதே. எனினும் நுட்பமான ஒரு வேறுபாடு உண்டு. மதீனா என்றால் மதிலும் தெருவும் வீடும் நம் கண்முன் வரும். கிரேக்கருக்கோ போலிஸ் என்பது முதலில் மனிதர்களைக் குறித்தது. ‘ஏதென்ஸ் போர் தொடுத்தது’ என்று அவர்களுடைய வரலாற்றாசிரியர்கள் எழுதுவதில்லை; ‘ஏதெனியர் போர் தொடுத்தனர்’ என்றே எழுதுவர். அரசு என்பது குடிமக்களின் கூட்டமே என்றால், அக்கூட்டத்தில் யார் அடக்கம், யார் அடக்கமில்லை என்ற வினா எழுகிறது. கிரேக்கரின் ஆட்சி, கல்வி, இல்வாழ்வு ஆகிய மூன்றையும் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் இவ்வினாவே. இக்கட்டுரை பெரும்பாலும் ஏதென்ஸை முன்வைத்தும், ஒப்பீட்டிற்கு ஸ்பார்ட்டாவைத் துணைக்கொண்டும் இதனை ஆராய்கிறது.

சீட்டும் கல்லும்

ஏதென்ஸில் மக்களாட்சி ஒரே நாளில் தோன்றியதன்று. கி.மு. 594இல் ஆட்சித் தலைவராக இருந்த சோலோன், கடனைத் திருப்பித் தர இயலாத குடியானவர் அடிமையாக விற்கப்படும் வழக்கத்தை ஒழித்தார். கி.மு. 508இல் கிளைஸ்தனீஸ், பழைய குலப் பிரிவுகளின் பிடியை உடைத்து, 139 ஊர்களை அடிப்படையாகக் கொண்டு மக்களைப் பத்துப் பிரிவுகளாக வகுத்தார். பிரிவுக்கு 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட அவை ஒன்று அமைந்தது. இவ்வவையினர் தேர்தலால் அன்று, குலுக்கலால் அமர்த்தப்பட்டனர். முப்பது வயது நிறைந்த குடிமகன் எவனும் இதில் இடம்பெறலாம். வாழ்நாளில் இருமுறைக்கு மேல் இருக்கலாகாது. ஒவ்வொரு பிரிவின் ஐம்பதின்மரும் ஆண்டின் பத்தில் ஒரு பங்கு காலம் அன்றாட நிருவாகத்தைக் கவனித்தனர். அவர்களுக்குள்ளும் நாள்தோறும் குலுக்கல் நடந்தது. அதில் தேர்வானவனிடம் ஒரு பகலும் ஓர் இரவும் அரசு முத்திரையும் கருவூலச் சாவியும் இருந்தன. ஒரு செருப்புத் தைப்பவனோ உழவனோ ஒரு நாள் அரசின் தலைவனாக இருந்து, மறுநாள் தன் தொழிலுக்குத் திரும்பினான்.

இறுதி முடிவு எடுக்கும் அதிகாரம் மக்கள் மன்றத்திடம் இருந்தது. நிக்ஸ் என்ற குன்றின் சரிவில் ஆயிரக்கணக்கானோர் கூடினர், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஆண்டுக்கு நாற்பது முறை கூடினர். போரா சமாதானமா, தானியத்தை எங்கிருந்து தருவிப்பது, எவ்வூரோடு உடன்படிக்கை செய்வது என்பன யாவும் கை உயர்த்தி முடிவு செய்யப்பட்டன. நீதிமன்றங்களும் மக்களிடமே இருந்தன. ஆண்டுதோறும் 6,000 பேர் நடுவர்களாகப் பதிவு பெற்றனர். வழக்கிற்கேற்ப 201 பேரோ 501 பேரோ அமர்ந்து தீர்ப்பளித்தனர். எந்த நடுவர் எந்த வழக்கில் அமர்வார் என்பது முன்கூட்டித் தெரிந்தால் கைக்கூலிக்கு வழி பிறக்கும் அல்லவா? ஆகவே காலப்போக்கில் அதற்கும் ஒரு கருவி செய்தனர். கல்லில் வரிசை வரிசையாகத் துளைகள் வெட்டி, அவற்றில் நடுவர்களின் பெயர் பொறித்த தகடுகளைச் செருகினர். பக்கத்துக் குழாயில் வெள்ளை, கறுப்பு உருண்டைகளைப் போட்டு, விழும் உருண்டையின் நிறத்தைக் கொண்டு அவ்வரிசையினரை ஏற்றனர் அல்லது அனுப்பிவிட்டனர். இக்கல்லின் உடைந்த பகுதியை இன்றும் ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் காணலாம். வழக்குரைப்போர் பேசும் நேரத்தை அளக்க நீர்க்கடிகாரம் இருந்தது. கூலி இழந்து வரும் ஏழைக்காகப் பெரிக்ளிஸ் காலத்தில் நடுவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஒபோல் படி வழங்கப்பட்டது; பின்னர் அது மூன்றாக உயர்ந்தது.

படைத்தலைவர் பதின்மர் மட்டும் வாக்கெடுப்பால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். போர்க்கலையைக் குலுக்கலுக்கு விட முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பெரிக்ளிஸ் பல்லாண்டுகள் அந்நகரை வழிநடத்தியதும் இப்பதவியில் இருந்தே.

மிகையான செல்வாக்குப் பெற்ற ஒருவரைப் பத்தாண்டுகள் நாடு கடத்தும் முறையும் இருந்தது. உடைந்த மண்பாண்டத்தின் ஓட்டில் பெயரைக் கீறி இடுவர். இதற்கு 6,000 ஓடுகள் வேண்டும். அகழாய்வில் இத்தகைய ஓடுகள் பத்தாயிரத்துக்கு மேல் கிடைத்துள்ளன. அக்ரோபோலிஸ் குன்றின் சரிவிலுள்ள ஒரு கிணற்றில் மட்டும் தெமிஸ்டோக்ளிஸின் பெயர் பொறித்த ஏறத்தாழ 190 ஓடுகள் கிடைத்தன. எழுத்தை ஆராய்ந்தபோது அவை பதினான்கு பேரின் கைவண்ணமே என்று தெரியவந்தது. எழுதத் தெரியாதோர்க்கும் தயங்குவோர்க்கும் கொடுப்பதற்காக யாரோ முன்கூட்டியே எழுதிக் குவித்திருக்கிறார்கள். தேர்தல் சூழ்ச்சி என்பது மக்களாட்சியோடு உடன்பிறந்தது போலும்!

ஓய்வும் கல்வியும்

கிரேக்க மொழியில் ‘ஸ்கோலே’ என்றால் ஓய்வு என்று பொருள். ஐரோப்பிய மொழிகளில் பள்ளியைக் குறிக்கும் சொல் இதிலிருந்தே வந்தது. வயிற்றுப்பாட்டுக்கான உழைப்பிலிருந்து விடுபட்டவனுக்கே கல்வி என்ற கருத்து அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது.

ஏதென்ஸில் அரசு பள்ளி நடத்தவில்லை. பெற்றோர் கட்டணம் செலுத்தி ஏழு வயது அளவில் மகனை ஆசிரியரிடம் அனுப்பினர். எழுத்தும் கணக்கும் கற்பிப்பவர் ஒருவர், யாழிசையும் பாடலும் கற்பிப்பவர் ஒருவர், உடற்பயிற்சி அளிப்பவர் ஒருவர் என மூவர் இருந்தனர். மெழுகு பூசிய பலகையில் கூரிய கோலால் எழுதினர். ஹோமரின் காவியங்களை மனனம் செய்தனர். பையனை வீட்டிலிருந்து பள்ளிக்கு அழைத்துச் சென்று, பாடம் முடியும்வரை காத்திருந்து, நடத்தையைக் கண்காணித்துத் திரும்ப அழைத்து வருபவன் ஓர் அடிமை. அவனுக்குப் ‘பைடகோகோஸ்’ என்று பெயர். கல்விக் கலையைக் குறிக்கும் இன்றைய ஐரோப்பியச் சொல் அவ்வடிமையின் பெயரிலிருந்து பிறந்ததே.

பள்ளிகள் பெருநகரங்களில் மட்டும் இருந்தன என்று கருத வேண்டாம். கி.மு. 494ஐ ஒட்டிக் கியோஸ் தீவில் பள்ளிக்கூரை இடிந்து விழுந்ததில் எழுத்துப் பயின்றுகொண்டிருந்த 120 சிறுவரில் ஒருவனே பிழைத்தான் என்று ஹெரோடோட்டஸ் பதிவு செய்கிறார். கி.மு. 480இல் பாரசீகப் படைக்கு அஞ்சி ஏதெனியர் நகரைக் காலி செய்தபோது, அவர்களுடைய மனைவி மக்களுக்குத் திரோசென் நகரத்தார் அடைக்கலம் அளித்தனர். அகதிகளின் உணவுக்குப் படி ஒதுக்கியதோடு, அவர்களின் பிள்ளைகள் எந்தத் தோட்டத்திலும் பழம் பறித்துக்கொள்ளலாம் என்றும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு நகரமே ஊதியம் தரும் என்றும் தீர்மானித்தனர் என்று புளூட்டார்க் எழுதுகிறார். புலம்பெயர்ந்த குழந்தையின் பாடம் தடைப்படலாகாது என்று கருதிய அச்சிற்றூரின் பண்பு போற்றத்தக்கது.

பதினெட்டு வயதில் இளைஞனின் பெயர் ஊர்ப் பதிவேட்டில் ஏறியது, அதன்பின் படைப்பயிற்சி. பேச்சுக்கலை கற்பிக்க ஊர் ஊராகச் சென்ற சோஃபிஸ்டுகள் பெருந்தொகை பெற்றனர். மன்றத்தில் பேசி வெல்பவனே தலைவனாகும் நாட்டில் நாவன்மைக்கு விலை இருந்தது. கி.மு. 387ஐ ஒட்டி அஃப்லாத்தூன் என்று நாம் அறியும் பிளேட்டோ தம் அகாடமியையும், கி.மு. 335இல் அரஸ்தூ என்ற அரிஸ்டாட்டில் தம் லைசியத்தையும் நிறுவினர். இரண்டும் நகருக்கு வெளியே இருந்த உடற்பயிற்சிச் சோலைகளின் பெயர்களே.

இல்லமும் கடைவீதியும்

பொதுக் கட்டடங்களைச் சலவைக்கல்லில் எழுப்பிய ஏதெனியர், பச்சைச் செங்கல் வீடுகளில் வாழ்ந்தனர். முற்றத்தைச் சூழ்ந்து அறைகள். தெருப்பக்கம் சாளரங்கள் குறைவு. மண் சுவரைத் துளைத்து உள்ளே நுழையும் திருடனுக்குச் ‘சுவர் தோண்டி’ என்றே பெயர். நம் ஊர்ப் பழைய கன்னக்கோல் திருடனின் உடன்பிறப்பு அவன். வாற்கோதுமைக் களி அல்லது ரொட்டி, ஒலிவக் காய், அத்திப்பழம், வெங்காயம், வாய்த்தபோது மீன் ஆகியவை எளியோர் உணவு. இறைச்சி பெரும்பாலும் திருவிழாப் பலியின்போதுதான். தானியத்தின் பெரும்பகுதி கருங்கடற் கரையிலிருந்து கப்பலில் வந்தது.

வசதி படைத்த வீடுகளில் ஆடவர் விருந்தினரை வரவேற்கத் தனி அறை இருந்தது. பெண்கள் அங்கு வருவதில்லை. பதினான்கு, பதினைந்து வயதில் மணம் நடந்தது. தந்தை, கணவன், மகன் என எப்போதும் ஓர் ஆணின் பாதுகாப்பில் பெண் இருந்தாள். ஒரு மெடிம்னோஸ், அதாவது ஏறத்தாழ ஐம்பது லிட்டர் வாற்கோதுமையின் மதிப்புக்கு மேல் அவள் தன் பொறுப்பில் பரிவர்த்தனை செய்யச் சட்டம் இடமளிக்கவில்லை. ஆனால் ஏழைப் பெண்கள் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. கி.மு. 346இல் குடிமக்கள் பதிவேடு சரிபார்க்கப்பட்டபோது யூக்சிதியோஸ் என்பவரின் பெயர் நீக்கப்பட்டது. அவருடைய தாய் சந்தையில் நாடா விற்றாள், முன்பு பிறர் குழந்தைக்குப் பால் கொடுக்கும் செவிலியாக இருந்தாள். குடிமகள் ஒருத்தி இவ்வாறு செய்வாளா என்பது எதிரிகளின் வாதம். போர்க்காலத்தில் கணவன் வெளியூரில் இருந்தபோது வறுமை அவளை அவ்வேலைக்குத் தள்ளியது என்றும், வறுமை பிறப்பைப் பொய்யாக்காது என்றும் மகன் முறையிட்டார். டெமோஸ்தனீஸின் பெயரில் வழங்கும் உரைகளுள் அவ்வாதம் இன்றும் உள்ளது. வழக்கின் முடிவு நமக்குக் கிட்டவில்லை. தோற்றிருந்தால் அடிமையாக விற்கப்படும் இடர் அவருக்கு இருந்தது.

கணக்கில் வராதோர்

இங்குதான் நம் வினா கூர்மை பெறுகிறது. பெரிக்ளிஸ் காலத்து ஏதென்ஸில் வயது வந்த ஆண் குடிமக்கள் நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் வரை இருந்திருக்கலாம் என ஆய்வாளர் மதிப்பிடுவர். பெண்களுக்கு வாக்கில்லை. வெளியூரிலிருந்து வந்து தங்கிய ‘மெடோய்க்’ என்போர் ஆண்டுக்குப் பன்னிரண்டு திராக்மா தலைவரி செலுத்தினர், படையிலும் பணியாற்றினர், ஆயினும் தனிச்சலுகை பெறாதவரை நிலம் வாங்க இயலாது, மன்றத்தில் பேசவும் இயலாது. இவர்களுக்கும் கீழே அடிமைகள் பல்லாயிரவர்.

கடன் அடிமை முறையைச் சோலோன் ஒழித்தது பெரும் அறச்செயல். ஆனால் தன் குடியானவனை அடிமையாக்க முடியாத செல்வர் வெளிநாட்டாரை விலைக்கு வாங்கத் தலைப்பட்டனர் என்பது வரலாற்றறிஞர் சிலரின் கருத்து. குடிமகனின் விடுதலையும் அந்நியனின் அடிமைத்தனமும் சேர்ந்தே வளர்ந்தன. லௌரியோன் வெள்ளிச் சுரங்கங்களில் எண்ணெய் விளக்கொளியில் தவழ்ந்து உழைத்தவர் அடிமைகள். நிகியாஸ் என்ற செல்வர் ஆயிரம் அடிமைகளை ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஒபோல் வாடகைக்கு அச்சுரங்கத்திற்கு விட்டிருந்தார். அந்த வெள்ளியிலிருந்தே கப்பற்படை உருவாயிற்று. கி.மு. 413க்குப் பின் ஸ்பார்ட்டர் டெகெலேயாவைப் பிடித்து வைத்திருந்தபோது 20,000க்கும் மேற்பட்ட அடிமைகள் தப்பியோடினர் எனத் துசிடிடீஸ் எழுதுகிறார்.

நகரின் ஒழுங்கு காத்தவர்களும் அரசுக்குச் சொந்தமான சித்திய அடிமைகளே. சந்தையில் நாணயத்தின் தரம் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவனும் ஓர் அரசடிமையே என்பதைக் கி.மு. 375ஆம் ஆண்டுச் சட்டக் கல்வெட்டு காட்டுகிறது. எரெக்தியோன் ஆலயம் கட்டிய கணக்கும் கல்லில் உள்ளது. நிலை அறியப்பட்ட 86 தொழிலாளரில் 24 பேர் குடிமக்கள், 42 பேர் மெடோய்க், 20 பேர் அடிமைகள். ஒரே வேலைக்கு ஒரே கூலி, நாளுக்கு ஒரு திராக்மா. அடிமையின் கூலி எசமானின் கைக்குப் போனது. உளியைப் பிடித்த கைகளில் வேறுபாடில்லை. மன்றத்தில் உயர்த்தும்போதுதான் வேறுபாடு.

கி.மு. 451இல் பெரிக்ளிஸ் இவ்வேலியை மேலும் நெருக்கினார். தாய், தந்தை இருவரும் ஏதெனியராய் இருந்தாலன்றிக் குடியுரிமை இல்லை என்று சட்டமாயிற்று. மக்களாட்சிக்கு வித்திட்ட கிளைஸ்தனீஸின் தாய் சிக்கியோன் நகரத்தாள். பாரசீகரை வென்ற படைத்தலைவர் கிமோனின் தாய் திரேசியப் பெண். இச்சட்டம் முன்னரே இருந்திருப்பின் இவ்விருவரும் குடிமக்களாகியிருக்க முடியாது. சட்டம் கடைசியில் அதனை இயற்றியவரின் வாசலுக்கே வந்தது. கி.மு. 430இல் பரவிய கொள்ளை நோயில் பெரிக்ளிஸின் இரு புதல்வரும் மாண்டனர். மிலேட்டோஸ் நகரத்தாளான அஸ்பாசியாவுக்குப் பிறந்த மகன் மட்டும் எஞ்சினான். அவன் சட்டப்படி அந்நியன். முதியவர் மக்களிடம் இரந்து நின்று அவனுக்குக் குடியுரிமை பெற்றார்.

அந்த மகன், இளைய பெரிக்ளிஸ், கி.மு. 406இல் ஆர்கினூசே கடற்போரில் படைத்தலைவருள் ஒருவன். ஆள் பற்றாக்குறையால் அடிமைகளும் துடுப்பு வலித்த அப்போரில் ஏதென்ஸ் வென்றது. அவ்வடிமைகள் விடுதலை பெற்றனர். ஆனால் புயலால், மூழ்கிய கப்பல்களின் வீரர்களை மீட்க இயலவில்லை. கொதித்தெழுந்த மன்றம், தனித்தனி விசாரணை வேண்டும் என்ற வழக்கத்தைப் புறந்தள்ளி, படைத்தலைவர் எண்மருக்கும் ஒரே வாக்கில் மரண தண்டனை விதித்தது. திரும்பி வந்திருந்த அறுவர் கொல்லப்பட்டனர். இளைய பெரிக்ளிஸும் அவர்களுள் ஒருவன். அன்று நிருவாகக் குழுவில் குலுக்கலால் இடம்பெற்றிருந்த ஒரு முதியவர் மட்டும், சட்டத்திற்கு மாறான இத்தீர்மானத்திற்கு உடன்பட மறுத்தார். அவர் சாக்ரட்டீஸ். பின்னர் ஏதெனியர் தம் செயலுக்கு வருந்தினர். பிறப்பைக் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் நீதியைத் தவறவிட்டதும், பிறப்பால் விலக்கப்பட்டோர் நகரைக் காத்ததும் ஒரே நிகழ்ச்சியில் நடந்தேறின.

ஸ்பார்ட்டாவின் பாடம்

இதே வேலி ஸ்பார்ட்டாவில் இன்னும் உயரமானது. இரு மன்னர், அறுபது வயது கடந்த 28 முதியோர், ஆண்டுதோறும் தேர்வாகும் ஐந்து எஃபோர்கள் என அதன் ஆட்சி அமைந்திருந்தது. ஏழு வயதில் பையனை அரசே எடுத்துக்கொண்டு, பசியும் குளிரும் தாங்கும் வீரனாக்கியது. பெண்கள் ஏதென்ஸில் இருந்ததைவிட அதிக உரிமையோடு நிலவுடைமையும் பெற்றிருந்தனர். உழுது உணவளித்தோர் ஹெலட் எனப்பட்ட அடிமைக் குடிகள். எஃபோர்கள் பதவியேற்றதும் அவர்கள்மீது ஆண்டுதோறும் போர் அறிவித்தனர். கொன்றாலும் பாவமில்லை என்பதற்காக! பொது உணவுக்குத் தன் பங்கைச் செலுத்த முடியாத ஸ்பார்ட்டன் குடியுரிமை இழந்தான். வெளியாருக்குக் கதவு திறக்கவில்லை. விளைவு எண்களில் தெரிகிறது. கி.மு. 480இல் ஸ்பார்ட்டக் குடிமக்கள் ஏறத்தாழ 8,000 பேர் என்கிறார் ஹெரோடோட்டஸ். கி.மு. 371இல் லியூக்த்ராவில் போரிட்ட 700 பேரில் 400 பேர் மாண்டதும் அவ்வல்லரசு மீண்டும் எழவில்லை.

ஏதென்ஸும் பாடம் கற்கவில்லை. கி.மு. 338இல் கைரோனியாவில் மக்கெதோனியரிடம் தோற்றபோது, அடிமைகளை விடுவித்து மெடோய்க் மக்களையும் குடிமக்களாக்கலாம் என ஹைபரிடீஸ் முன்மொழிந்தார். ஆபத்து நீங்கியதும் அவர்மீது சட்டவிரோத முன்மொழிவு என வழக்கு வந்தது. நூற்றாண்டுகள் கழித்து, கி.பி. 48இல், கால் நாட்டாரை உரோம மூதவையில் சேர்ப்பதற்கு வாதிட்ட பேரரசர் கிளாடியஸ், வென்ற மக்களை அந்நியராகவே ஒதுக்கியதுதான் ஸ்பார்ட்டாவுக்கும் ஏதென்ஸுக்கும் அழிவு தேடித்தந்தது என்று எடுத்துக்காட்டியதாக டாசிட்டஸ் பதிவு செய்கிறார்.

அறிஞர் கண்ட மதீனா

நாம் மிகுதியும் போற்றும் யூனானிய அறிவுச் செல்வத்தில் வேலிக்கு வெளியே நின்றோரின் பங்கு வியப்பளிக்கிறது. அரசியல் குறித்த பிளேட்டோவின் ‘குடியரசு’ உரையாடல் நடப்பதாகக் காட்டப்படும் இடம், சிராக்யூஸிலிருந்து வந்து குடியேறிய கெஃபாலோஸின் வீட்டார் இல்லம். நீதி என்றால் என்ன என்ற உரையாடல் வாக்குரிமையற்றவரின் கூரைக்கடியில் தொடங்குகிறது! கெஃபாலோஸின் மகன் பொலமார்க்கோஸைக் கி.மு. 404இல் கொடுங்கோலர் முப்பதின்மர் விசாரணையின்றி நஞ்சூட்டிக் கொன்றனர். இன்னொரு மகன் லிசியாஸ் மக்களாட்சி மீளப் பொருளுதவி செய்தார். அவருக்குக் குடியுரிமை வழங்கும் தீர்மானம் நடைமுறைக் குறையைக் காட்டித் தள்ளப்பட்டது. ஏதெனியர் நீதிமன்றத்தில் பேசுவதற்கு உரைகள் எழுதிக் கொடுத்தே அவர் காலம் கழித்தார். குடிமகன் என்பவன் ஆட்சியிலும் நீதியிலும் பங்கு பெறுபவன் என இலக்கணம் வகுத்த அரிஸ்டாட்டிலும் ஸ்தகிராவிலிருந்து வந்தவரே. ஏதென்ஸில் அவருக்கு அவ்விரண்டிலும் பங்கில்லை.

அரபு மெய்யியலாளர்கள் இந்நூல்களைக் கற்றபோது வெறுமனே திருப்பிச் சொல்லவில்லை. அல்ஃபாராபி (மறைவு கி.பி. 950) நகரங்களை வகைப்படுத்துகையில் மக்கள் தம் விருப்பப்படி வாழும் நகரை ‘அல்மதீனத்துல் ஜமாஇய்யா’ என்றார். அவர் கண்ணில் அது முழுமையான நகரமன்று. எனினும் பல இனத்தாரும் விரும்பி வந்து கூடுமிடம், உள்ளூரானையும் வெளியூரானையும் பிரித்தறிய முடியாத இடம், அறிஞரும் தோன்றக்கூடிய இடம். ஃபாராபிலிருந்து பக்தாதுக்கு வந்து கற்ற அவர் வரைந்த இந்நகரம், உண்மையான ஏதென்ஸைவிடத் திறந்த வாசலுடையது. அரிஸ்டாட்டிலின் அரசியல் நூல் தமக்குக் கிட்டாமையால் பிளேட்டோவின் நூலுக்கு விளக்கம் எழுதிய இப்னு ருஷ்து (கி.பி. 1126–1198), பெண்களின் ஆற்றலைப் பிள்ளை பெறுவதற்கும் வளர்ப்பதற்கும் மட்டும் ஒதுக்கிவைப்பது நகரங்களின் வறுமைக்கு ஒரு காரணம் என்று தம் காலத்து நகரங்களைச் சுட்டியே எழுதினார். அதன் அரபு மூலம் மறைந்து, எபிரேய மொழிபெயர்ப்பு வழியாகவே அது நமக்குக் கிடைத்துள்ளது.

கிரேக்கத்தை வழிபடுவோரும் உண்டு. அடிமைகளைக் காட்டி அதனை அடியோடு தள்ளுவோரும் உண்டு. இரண்டும் எளிய வழிகள். ஏழையை ஒரு நாள் அரசின் தலைவனாக்கிய குலுக்கலும், கைக்கூலியைத் தடுத்த கல்லும், அகதிப் பிள்ளைக்கு ஆசிரியரை அமர்த்திய தீர்மானமும் மனித குலத்தின் பொதுச் சொத்து. அவற்றை நன்றியுடன் ஏற்போம். ஆனால் எந்த நாட்டின், எந்தக் காலத்தின் ஆட்சிமுறையைப் படித்தாலும் ‘மக்கள் எவ்வாறு ஆண்டனர்?’ என்று கேட்டதோடு நில்லாமல், ‘அந்த மக்களில் யார் யாரைச் சேர்த்துக்கொண்டனர்?’ என்றும் கேட்கவேண்டும். முதல் வினாவுக்கு ஏதென்ஸ் அளித்த விடை இன்றும் ஒளி தருகிறது. இரண்டாம் வினாவுக்கு அது அளித்த விடையைச் சந்தையில் நாடா விற்ற தாயின் மகனிடமும், உரை எழுதியும் மக்கள் மன்றத்தில் வாய் திறக்க இயலாத லிசியாஸிடமும்தான் நாம் கேட்டறிய வேண்டும்.